குருவிக்குக் கொடுத்த நூல்

தெருநாய்க்குப் பனியன் போட்டுவிட்ட ஒரே ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். திருப்பூர் வீரபாண்டியில் எங்கள் சந்து முனையில் ஒரு செவலை நாய் மார்கழிப் பனியில் சுருண்டு கிடக்கும். கீழ்வீட்டு அக்கா தன் தையல் யூனிட்டில் ரிஜெக்ட் ஆன குழந்தைப் பனியன் ஒன்றை எடுத்துப்போய், நாயின் முன்னங்கால்களைக் கைகளுக்குள் நுழைத்து, வயிற்றுக்கு அடியில் முடிச்சுப் போட்டுவிட்டார். அன்று முழுக்க அது நடந்த நடையைப் பார்த்துத் தையல்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மறுநாள் அந்தப் பனியனோடு கம்பி வேலியில் நுழைந்து மாட்டிக்கொண்டது. விடுவிக்கப் போனவரும் அக்காதான். கையில் கடி வாங்கிக்கொண்டு வந்தார். ஊசி போட்ட நர்ஸிடம், "அதுக்கென்னங்க தெரியும், வாயில்லாத சீவன், பயந்துருச்சு" என்று நாய்க்காகப் பேசியிருக்கிறார். "வாயில்லாமத்தான் இப்படிப் பல்லுப் பதிஞ்சிருக்குதுங்களா?" என்று அந்த நர்ஸ் கேட்டாராம். இதையும் அக்காவே வந்து சொல்லிச் சிரித்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவர் வருத்தப்பட மாட்டார். எனக்குத்தான் கை வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. விருதுநகர்ப் பக்கமிருந்து என் கணவரின் வேலைக்காகத் திருப்பூர் வந்து, அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். தரைத்தளத்தில் அவரும் அவர் கணவரும் சில தையல் மெஷின்களைப் போட்டு, பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுத்தார்கள். கணவர் அதிகம் பேசாதவர். துணிக்கட்டுகளை ஆம்னி வேனில் ஏற்றிக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய் இறக்குவது அக்காதான். பெண்கள் வேன் ஓட்டிப் பார்த்திராத எனக்கு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ரிவர்ஸ் எடுப்பதைப் பால்கனியில் நின்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்காக இருந்தது. கழுத்தில் தாலியோடு கூட, பனியன் துணி நாடாவில் கோத்த சின்ன நூல்வெட்டி ஒன்று எப்போதும் தொங்கும். அவர்கள் வழிவழியாகத் தறி நெய்த குடும்பம். முருகன் என்றால் உயிர்.

தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் மாலை போட்டுப் பழனிக்கு நடப்பார். நான் அங்கிருந்த வருஷங்களில் பூசத்தன்று அவர் மலையேறியதாக நினைவில்லை. வழியில் கால் கொப்புளித்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டால் போதும், தானும் உட்கார்ந்துவிடுவார். தோள்பை நிறையப் பனியன் துணிக் கீற்றுகள் வைத்திருப்பார், கட்டுப்போட. கூட வந்தவர்கள் தரிசனம் முடித்து, மொட்டையடித்து, பஸ்ஸில் திரும்பும்போது, தாராபுரம் ரோட்டோரத்தில் யாரோ ஒரு கிழவரின் காலை மடியில் வைத்திருக்கும் அக்காவை ஜன்னல் வழியாகப் பார்ப்பார்களாம். "முருகன் எங்கீங்க போயிருவான், அங்கயேதான இருப்பான்" என்பார், கேட்டால்.

அவருடைய மகன் கோவையில் விடுதியில் தங்கிப் படித்தான். லீவுக்கு வந்தால் மாடிக்கு வந்து என்னிடம் குறை சொல்வான். "எனக்குப் பசிக்குதுன்னு எங்கம்மாளுக்குத் தெரியோணும்னா நானும் சந்து முக்குல நின்னு குலைக்கோணும் போலிருக்குதுங்க அக்கா." சிரித்துக்கொண்டுதான் சொல்வான். அவன் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார்.

இரக்க குணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை. நம்முடைய இரக்கத்தில் ஒரு வரிசை உண்டு. முதலில் பெற்ற பிள்ளை, அப்புறம் வீடு, அப்புறம் தெரு, மிச்சம் மீதி இருந்தால் ஆடு மாடு. அக்காவிடம் அந்த வரிசை கிடையாது. கண்ணெதிரே எது தவிக்கிறதோ அதுதான் முதல். இது எவ்வளவு பெரிய குணம் என்று சில நாள் நினைப்பேன். எவ்வளவு பயங்கரம் என்று சில நாள் நினைப்பேன். இன்றைக்கும் முடிவுக்கு வர முடியவில்லை.

என் மகள் நித்யாவுக்கு அப்போது எட்டு வயது. திருப்பூருக்கு வந்த முதல் வருஷமே அவளுக்கு வீசிங் ஆரம்பித்தது. பஞ்சுத் தூசி ஆகாது என்றார் டாக்டர். கீழே மெஷின்கள் ஓடினால் மாடிப் படியில்கூடப் பஞ்சு படியும். வீட்டைக் காலி செய்வதற்குக் காரணமாகத்தான் இதை அக்காவிடம் சொன்னேன். அவர் காலி செய்யவிடவில்லை. மறுநாள் யூனிட்டின் எல்லா ஜன்னல்களிலும் கதவிலும் ஈரத்துணி தொங்கியது. தூசி வெளியே வராமல் இருக்க. உள்ளே காற்றில்லாமல் தையல்காரர்கள் வெந்தார்கள். மூன்றாம் நாள், தைத்த பனியன்களில் நூல் பிசிர் வெட்டுகிற பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். அக்கா அவளுக்கு விசிறிவிட்டு, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, வேனில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்து எல்லாத் துணியையும் அவிழ்த்தார். பிறகு மாடிக்கு வந்து, "புள்ளைக்குக் காத்து மாத்தோணுமுங்க அம்மிணி. நான் ஒரு எடம் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் அந்தக் காட்டுக்குப் போக ஆரம்பித்தோம்.

தாராபுரம் ரோட்டில் குண்டடத்தைத் தாண்டி, அக்காவுக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் நிலம். ஆடு மாடு மேய்வதற்கென்று உழாமல் விட்டுவைத்த மேய்ச்சல் காடு, அந்தப் பக்கத்தில் கொறங்காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்திருந்தார்கள். உள்ளே இடுப்புயரப் புல், ஆங்காங்கே குடை விரித்த மாதிரி வெள்வேல மரங்கள். ஒரு மூலையில் மட்டும் மரங்கள் நெருங்கி, கீழே நிழல் ஒரே விரிப்பாகக் கிடக்கும். சின்ன வயதில் குற்றாலத்துக் காட்டைப் பார்த்திருந்த எனக்கு முதல் தடவை ஏமாற்றமாக இருந்தது. அந்த விவசாயி வேலிப் படலைத் திறந்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆடு மேயற எடத்துக்கு ஆளு மேய வந்திருக்கீங்களாக்கும்?"

"புள்ளைக்கு மூச்சுக்கு நல்லதுங்க அண்ணா" என்றார் அக்கா.

"மூச்சு விட்டுக்குங்க. அதுக்குக் காசா பணமா? போறப்ப மட்டும் படலைச் சாத்திட்டுப் போங்க."

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்த பிறகுதான் அந்த இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. புல்லுக்குள்ளிருந்து கௌதாரி கத்தியது. காதை நிமிர்த்திய ஒரு முயல் எங்களைப் பார்த்ததும் கல்லாகிவிட்டது. பனங்காடை ஒன்று மரத்திலிருந்து இறங்கி இறக்கையை விரித்தபோது அத்தனை நீலம் எங்கே ஒளிந்திருந்தது என்று நித்யா வாயைப் பிளந்தாள். கீரி ஒன்று குடும்பத்தோடு வேலியோரம் வரிசையாக ஓடியது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒரே கூட்டமாக, சண்டைக்காரப் பங்காளிகள் மாதிரி கத்திக்கொண்டே சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு மயிலைத் தவிர எல்லாமே குருவிதான். "அந்த நீலக் குருவி", "இந்தக் கத்தற குருவி" என்று காட்டுவார். "பெரிம்மா, அது பனங்காடைங்க" என்று பாடப்புத்தகம் படித்த என் மகள் திருத்துவாள். "அதுவும் குருவிதான கண்ணு" என்பார்.

நான் இயல்பிலேயே பயந்தவள். பையில் இன்ஹேலர், அதற்கான குழாய், காய்ச்சல் மருந்து, மாற்றுத் துணி, எல்லாம் இருக்கும். முள் குத்தும், பாம்பு இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நித்யா அன்று ஒரு தடவைகூட இருமவில்லை. வேனில் திரும்பும்போது என் மடியில் தூங்கிப்போனாள். மூச்சு சத்தமே இல்லாமல் போய் வந்தது. அந்த அமைதிக்காகத்தான் நான் ஞாயிறுதோறும் பயத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கோடை மழை பெய்த பிறகு ஒரு ஞாயிறு. அக்கா விரித்து உட்கார்ந்திருந்த சாக்கின் பிசிரை ஒரு தவிட்டுக்குருவி வந்து இழுத்தது. விட்டுவிட்டு மறுபடி வந்து இழுத்தது. அக்கா கண் கலங்கிவிட்டார்.

"கூடு கட்ட நூலு தேடுதுங்க அம்மிணி. நம்ம ஊட்டுல நூலு மூட்டை மூட்டையாக் கெடக்குது."

அடுத்த வாரம் ஒரு பை நிறைய நூல் கொண்டுவந்தார். யூனிட்டில் கூட்டி அள்ளும் கழிவு நூல் என்று நினைத்தேன். இல்லை. தையல் நூல் கோன்களிலிருந்து புதிதாக உருவி, முழ நீளத்துக்கு வெட்டி, கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருந்தார். ஆரஞ்சு, நீலம், கிளிப்பச்சை. கையில் ஒன்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். அறவில்லை.

"பருத்தி நூலு மழையில மக்கிப்போயிருமுங்க. இது பாலியஸ்டர். எக்ஸ்போர்ட்டுக்குப் போடறது. குருவிக்குக் குடுக்கறத அத்துப்போறதாவா குடுக்கறது?"

திருப்பூரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தையல் விட்டுப்போனால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும் ஊர். அறாத நூல்தான் நல்ல நூல். எனக்கும் அது சரியாகவே பட்டது. அக்காவும் நித்யாவும் எட்டின கிளைகளிலெல்லாம் கொத்துகளைத் தொங்கவிட்டார்கள். விவசாயி வந்து பார்த்தார்.

"இதென்னுங்கம்மா, என்ற காட்டுக்குச் சீரியல் லைட்டுப் போட்டிருக்கீங்க?"

"குருவிக்குங்கண்ணா."

"அதுக இத்தன நாளும் அம்மணமாவா கூடு கட்டுச்சு?" என்றார். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை. அக்காவிடம் யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அடுத்த ஞாயிறு ஒரு வெள்வேல மரத்தின் கவட்டையில் ஆரஞ்சு இழைகள் தொங்க ஒரு கூடு இருந்தது. "என் நூலு, என் நூலு" என்று நித்யா குதித்தாள். அன்று இரவு அப்பாவிடம் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு ஷிப்மெண்ட் அவசரம். யூனிட்டில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை ஓடியது. சில வாரம் போக முடியவில்லை.

மறுபடி போனபோது படலைத் திறக்கும் முன்பே சத்தம் கேட்டது. தவிட்டுக்குருவிகள் எப்போதும் கத்துகிறவைதான். இது வேறு கத்தல். மொத்தக் கூட்டமும் அந்த மரத்தைச் சுற்றிப் பறந்து பறந்து உட்கார்ந்தது. கூட்டுக்குக் கீழே, காலில் நூல் சுருக்கு விழுந்து, இறக்கை முளைத்த ஒரு குஞ்சு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. அவ்வப்போது இறக்கையை அடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, ஓய்ந்தது. பெரிய பறவை ஒன்று அந்தரத்தில் நின்றபடி அதன் வாயில் ஏதோ புழுவைத் திணிக்கப் பார்த்தது. கூட்டுக்குள்ளிருந்தும் தலைகள் நீண்டன. அவையும் எழ முடியாமல் நூலில் காலோடு கால் பிணைந்து கிடந்தன.

அக்கா வேனுக்கு ஓடினார். வேனிலிருந்து சாக்குகளை எடுத்து வந்து முள் கிளைகளின் மேல் போட்டார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏற ஆரம்பித்துவிட்டார். அந்தப் பருத்த உடம்பு எப்படி ஏறியது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. வெள்வேல முள் விரல் நீளம் இருக்கும். கையில் கீறிக்கீறி ரத்தம் வழிந்தது. கழுத்திலிருந்த நூல்வெட்டியை எடுத்தார்.

நித்யா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் கட்டின நூலும்மா" என்றாள். அப்புறம் அழத் தொடங்கினாள். விம்மல் விம்மலாக வந்த அழுகை கொஞ்ச நேரத்தில் வேறாக மாறுவது எனக்குக் கேட்டது. அந்த விசில் சத்தம் எந்தத் தாய்க்கும் தெரியும், ஒரு தடவை கேட்டிருந்தால். இன்ஹேலரைக் குழாயில் பொருத்தி வாயில் வைத்தேன். அழுதுகொண்டே இருந்ததால் மருந்து உள்ளே போகவில்லை. மறுபடி வைத்தேன். நெஞ்சுக்குழி உள்ளே போனது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"அக்கா! இறங்குங்க. வண்டிய எடுங்க."

"இதோ வந்தர்றனுங்க அம்மிணி. ஒரே ஒரு காலு."

"அக்கா, பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"கண்ணு, மெதுவா விடு சாமி. பெரிம்மா இருக்கறனல்லோ. மெதுவா" என்றார் மேலிருந்தே. கை நிற்கவில்லை. குஞ்சின் காலில் சதைக்குள் இறங்கிவிட்ட நூலைத் தேடிக்கொண்டிருந்தது.

"சாவியத் தூக்கிப் போடுங்கக்கா!"

"உங்களுக்கு ஓட்டத் தெரியாதுங்களே அம்மிணி."

அது உண்மை. எனக்கு ஓட்டத் தெரியாது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் புல். நான் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடியில் நின்று, என் வாழ்நாளில் பேசியிராத வார்த்தைகளால் அவரைத் திட்டினேன். அவர் கோபப்படவில்லை. மேலே அழுதுகொண்டிருந்தார். எனக்காகவும் அழுதார், நித்யாவுக்காகவும், அந்தக் குஞ்சுக்காகவும், எல்லாவற்றுக்கும் ஒரே அழுகை.

சத்தம் கேட்டு விவசாயி ஓடி வந்தார். குழந்தையின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, புள்ள மூச்சுக்குத் தவிக்குது, நீங்க மேல குருவி புடிக்கறீங்களா? இறங்குங்க மொதல்ல!"

"ரெண்டும் உசுருதானுங்களே அண்ணா" என்றார் அக்கா. சொல்லிவிட்டு இறங்கினார். கையில் பனியன் துணியில் சுற்றிய அந்த ஒரு குஞ்சு.

வேன் தாராபுரம் ரோட்டில் பறந்தது. முதல் வளைவில்தான் அவர் ஒரு கையால் ஓட்டுவதைக் கவனித்தேன். மற்றக் கையில் குஞ்சு. நான் கத்தியதும் அதைப் பின்னால் நீட்டி என் கையில் வைத்தார். இடது கையில் என் மகளின் நெஞ்சு, அடித்து அடித்து ஏறியது. வலது கையில் அந்தச் சின்னச் சூடு, அதைவிட வேகமாக. ஊர் வருவதற்கு முன்பே வலது கையில் ஓய்ந்துவிட்டது.

"உயிரோட இருக்காம்மா?" என்று நித்யா வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்.

"இருக்கு. பேசாத."

அக்கா முன்னாலிருந்து கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்தார். 

ஆஸ்பத்திரி சிறியதுதான். மாஸ்க் வைத்து மருந்துப் புகையைக் கொடுத்தார்கள். ஊசியும் போட்டார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியத்தை நான் வேண்டுமட்டும் முழுசாக்கிப் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மதில்மேல் தவிட்டுக்குருவிக் கூட்டம் கத்தினால், நான் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, என் மகள் எங்கே இருக்கிறாள் என்று போன் செய்கிறேன்.

அக்கா வராண்டாவில் இருந்தார். முள் எடுக்க வந்த நர்ஸைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பினார். நித்யாவின் மூச்சு கொஞ்சம் இளகியதும் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவள் பாதத்தைத் தடவினார். அவர் கையிலிருந்து விரிப்பில் ரத்தம் ஒட்டியது. என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அம்மிணி, இன்னும் ரெண்டு குஞ்சு மேலயே கட்டுண்டு கெடக்குதுங்க. பொழுதோட போனா ஏணி வாங்கி எடுத்தர்லாம்."

அது அனுமதி கேட்கிற குரல். போங்க என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகாதீங்க என்று சொல்லவும் முடியவில்லை. நீ இங்கே உட்கார், இந்தக் குழந்தையின் முகத்தையே பார், இதைத் தவிர உலகத்தில் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள் என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நித்யாவின் மாஸ்க்கைச் சரிசெய்தேன். அவர் வெளியே போனார்.

நித்யா மாஸ்க்கை ஒதுக்கினாள்.

"பெரிம்மா தனியாவா போறாங்க?"

"பேசாதடி. மூச்சை இழு." மாஸ்க்கை எடுத்து வைத்தேன்.

மறுபடி ஒதுக்கினாள். "நீயும் போம்மா. ஏணி புடிக்க ஆள் வேணும்."

"உன்னை விட்டுட்டா?"

"எனக்கு இங்க நர்ஸ் இருக்காங்கல்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுங்களுக்கு யாரும் இல்ல."

அவள் உதட்டில் இப்போதுதான் நிறம் திரும்பியிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை இன்னும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. மாஸ்க்கை வைத்தேன். தள்ளினாள். நான் வைக்க வைக்க அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள், அடம் பிடிக்கிற பிள்ளையின் தள்ளல் இல்லை அது, பெரியவர்கள் ஒரு வேலையாக இருக்கும்போது குறுக்கே வரும் கையை ஒதுக்குவது போல. வெளியே வேன் கிளம்பியது. அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். நான் இரண்டு கைகளாலும் மாஸ்க்கை அவள் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேலே தெரிந்த கண்கள் என்னைப் பார்க்கவில்லை.